அவள் கருவுக்கு, நான் பதிலுக்கு

போன செவ்வாய்க்கிழமை ஜெயபுரத்தில் ஒரு கோழிக்கூட்டுக்குள் தலையை விட்டபடி நின்றபோது என் போனுக்கு ஒரு படம் வந்தது.

கோழிக்கூட்டுக்குள் எதற்குத் தலை என்று கேட்பீர்கள். அதுதான் என் உத்தியோகம். வாழ்வாதாரத் திட்டத்தில் கொடுத்த கோழிகள் உயிரோடு இருக்கின்றனவா, முட்டை இடுகின்றனவா, இல்லை விருந்தாளி வந்த அன்று குழம்பாகிவிட்டனவா என்று பார்த்து எழுத வேண்டும். பதவியின் பெயர் அபிவிருத்தி உத்தியோகத்தர். பட்டம் முடித்து வேலையில்லாமல் நின்றவர்கள் எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, மேலே ஒட்டிய பெயர் அது. நான் பௌதிகவியல் பட்டதாரி. கோழிகளுக்கு அது தெரியாது.

படத்தில் கலைச்செல்வி நின்றாள். தலையில் மஞ்சள் தலைக்கவசம். பின்னால் மாடி வீடு அளவுக்கு ஓர் இயந்திரம். நிலத்துக்குக் கீழே, சுரங்கத்துக்குள், அணுவைவிடச் சின்னத் துணிக்கைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, அதிலிருந்து என்ன சிதறுகிறது என்று பார்க்கிற இடம். அங்கே நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். 'அக்கா, கீழ இறங்கிட்டன்' என்று ஒரு வரி வேறு.

நான் என்ன செய்தேன்? கட்டைவிரல் ஒன்று அனுப்பினேன். அது காணாது என்று இதயம் ஒன்றும் அனுப்பினேன். பிறகு போனைப் பைக்குள் வைத்துவிட்டு, முன்னால் நின்ற கோழியை முறைத்துப் பார்த்தேன். பாவம், அது என்ன செய்யும்?

கூட்டின் சொந்தக்காரி இராசம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டார்.

"நம்ம கலையா மிஸ் அது? அந்தக் கரு ஆசுபத்திரியில நிக்குதா?"

கரு ஆசுபத்திரி! இதை உங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கோழி காத்திருக்கட்டும்.

கலைச்செல்வியும் நானும் கிளிநொச்சியில் ஒரே அலுவலகம். பக்கத்துப் பக்கத்து மேசை. இரண்டு பேரும் பௌதிகவியல். நான் நான்கு வயது மூப்பு, அதனால் அவளுக்கு அக்கா. பின்னேரம் ஒரே பஸ்ஸில் பரந்தன் வரை வருவோம். நான் அங்கே இறங்கி வீட்டுக்கு நடப்பேன். அவள் சந்தியில் நின்று பூநகரி பஸ் பிடித்து, அதற்கும் அப்பால் ஜெயபுரம் போக வேண்டும்.

அவளுடைய குடும்பம் மலையகத் தோட்டத்தில் கொழுந்து பறித்த குடும்பம். ஒரு கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறி, கமக்காரர் ஆனவர்கள். அவள் பிறந்தது, வளர்ந்தது, இடம்பெயர்ந்தது, திரும்பி வந்தது எல்லாம் இங்கேதான். ஆனாலும் பரம்பரையாக வடக்கில் இருக்கிற எங்கள் ஆட்கள் கேட்பார்கள் — 'அவ எந்த இடம்?' ஜெயபுரம் என்றால், 'அது சரி... சொந்த இடம்?'

எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இரண்டோடு சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது என்று நான்தான் முதலில் கேள்விப்பட்டேன். சிறுபான்மைச் சமூகங்களில் பிறந்து, பௌதிகவியலில் பட்டம் எடுத்து, அதற்குமேல் ஆய்வுப் பக்கம் போக வழியில்லாமல் வேறு வேலைக்குப் போனவர்களைத் தேடிப்பிடித்து, கருப் பௌதிகவியலிலும் துணிக்கைப் பௌதிகவியலிலும் ஆய்வு செய்ய விடுவார்களாம். கொஞ்சக் காலம் இங்கே, மிச்சம் அங்கே. மொத்தம் இரண்டு வருடம். வயது பார்க்க மாட்டார்களாம். இந்த முறை எங்கள் பகுதிக்கு ஓர் இடமாம்.

யாருக்காக எழுதிய திட்டம் இது? என் பெயர் மட்டும்தான் அதில் போடவில்லை என்று நினைத்தேன்.

நினைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? பரந்தன் பஸ்ஸில் வைத்துக் கலைச்செல்விக்குச் சொன்னேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். ஊதியது நான். வாய் வலிக்க ஊதினேன்.

இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். இரண்டு பேரையும் கணினித் திரையில் நேர்முகம் கண்டார்கள். நான் நெளுக்குளத்தில் தங்கச்சி வீட்டில் போய் இருந்து பேசினேன், அங்கே சிக்னல் நல்லம். சிறுபான்மையாக இருந்தது உங்கள் படிப்பை எப்படிப் பாதித்தது என்று திரையில் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை கேட்டார். நான் விட்டேனா? இடப்பெயர்வு, முகாம், தண்ணீர் வரிசையில் நின்றபடி சமன்பாடு பாடமாக்கியது — ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இடம் எனக்குத்தான் என்று எழும்பினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். கலைச்செல்வியும் அதே முகாம்தானே? அதே தண்ணீர் வரிசைதானே? அதற்குமேல் அவளுக்கு மலையகம் வேறு இருக்கிறது. நான் நாட்டில் சிறுபான்மை. அவள் சிறுபான்மைக்குள்ளும் சிறுபான்மை. வாசகர்களே, ஒன்றைச் சொன்னால் சிரிக்கக்கூடாது... எனக்கு அதிலும் பொறாமை வந்தது.

முடிவு சொல்லப்பட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. தேநீர் நேரம். இரண்டு மேசை, இரண்டு போன். அவளுடையது அடித்தது. என்னுடையது அடிக்கவில்லை. அவள் எழும்பி யன்னல் பக்கம் போய், 'யெஸ் மேடம்... யெஸ் மேடம்...' என்றாள். திரும்பி வந்து, 'கிடைச்சிட்டுது அக்கா' என்றாள். எனக்குத் தேநீர் ஆறியிருந்தது. நான் எழும்பிக் கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். நன்றாகத்தான் வாழ்த்தினேன். பார்த்தவர்கள் சாட்சி.

பொறாமை என்பது புத்தகத்தில் எழுதுகிற சொல். நாங்கள் வாயால் சொல்வது வயித்தெரிச்சல். சொல் வைத்தவர்கள் இடம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். நெஞ்சில் இல்லை, தலையில் இல்லை. சரியாக வயிற்றில்தான் எரிகிறது. அடுத்த நாள் அவள் அலுவலகத்துக்குக் கேக் கொண்டுவந்தாள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். எரிச்சல் குறையவில்லை.

வீட்டில் அன்றைக்குச் சமைக்கும்போது கணவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"என்ன, உமக்குக் காய்ச்சலே?"

"இல்லையே."

"பின்ன ஏன் சட்டியளோட சண்டை?"

இரண்டு நாள் கழித்து என் போனும் அடித்தது. உள்ளூர்ப் பேராசிரியர். நீங்கள்தான் அடுத்த இடத்தில் நிற்கிறீர்கள், தெரிவானவர் ஏதாவது காரணத்தால் வர முடியாமல் போனால் இடம் உங்களுக்கு என்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று கவலைப்படுகிறவளிடம், 'கொஞ்சம் பொறு, அடுத்தவளின் கை தவறினாலும் தவறும்' என்று சொன்னால் அவள் நித்திரை கொள்வாளா? நான் குளிர் நாட்டுக்குப் போடுகிற கோட்டுகளின் படம் பார்க்கத் தொடங்கினேன்.

இதற்குள் ஜெயபுரத்தில் வேறு ஒரு கூத்து.

எங்கள் பாடப் புத்தகத்தில் அணுவின் நடுவில் இருப்பதற்குக் கரு என்று பெயர். அதைப் பற்றிய படிப்பு கருப் பௌதிகவியல். கலைச்செல்வி இதைத் தாயிடம் சொல்லியிருக்கிறாள். தாய் அயலுக்குச் சொல்லும்போது, வாயில் நுழையாத பௌதிகவியலை விட்டுவிட்டு, நுழைந்ததை மட்டும் சொல்லியிருக்கிறார் — 'மக கரு ஆராய்ச்சி பண்ண வெளிநாடு போகுது.'

முடிந்தது கதை! கலியாணம் முடித்துப் பிள்ளை இல்லாதவர்கள் எல்லாம் கலைச்செல்வியின் வீட்டுப் படலையைத் திறக்கத் தொடங்கினார்கள். இராசம்மாவின் மகளுக்கும் கன காலமாகப் பிள்ளை இல்லை. இராசம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போயிருக்கிறார். கலைச்செல்வி எனக்குச் சொன்னது, தான் எத்தனை தரம் விளங்கப்படுத்தினாலும் அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, மகளின் மருத்துவ விபரத்தைத்தான் சொல்கிறார்களாம். அலுவலகத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்கு அதிலும் எரிச்சல். நான் இத்தனை வருடமாக எத்தனை ஊரில் கோழியும் தையல் இயந்திரமும் கொடுத்திருக்கிறேன்? எந்தப் படலை எனக்காகத் திறந்தது? இவளுக்கு, செய்யாத வேலைக்கே வாழைப்பழம்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. எங்கள் பூசாரி அலுவலகப் பெரியவர் — நாங்கள் சேர் என்போம். கெட்டவர் இல்லை. மாதக் கூட்டத்தில் கலைச்செல்வியை எழுப்பி வாழ்த்தினார். சம்பளமில்லாத படிப்பு விடுமுறை சட்டத்தில் இருக்கிறது, கொடுக்கலாம் என்றார். பிறகு மூக்கைச் சொறிந்தார். பதில் கடமைக்கு ஆள் வேண்டுமே என்றார்.

அரசாங்க உத்தியோகம் பார்க்காத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கந்தோர்களில் பல்லுப் பிடுங்க அரை நாள் லீவு எடுப்பதென்றாலும், 'இவருடைய வேலையை நான் பார்க்கிறேன்' என்று இன்னொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுதான் பதில் கடமை. அரை நாளுக்கு யாரும் யாருக்கும் பார்ப்போம். இரண்டு வருடத்துக்கு? அதுவும் கலைச்செல்வி பார்க்கிற ஊர்கள் எல்லாம் தூரத்து ஊர்கள். மழைக்கு றோட்டு இல்லை. வெயிலுக்கு நிழல் இல்லை. பதில் கடமைக்கு ஆள் இல்லாவிட்டால் விட முடியாது என்றார் சேர்.

ஆர் பாக்கிறீங்கள் என்று கேட்டார்.

எங்கள் மின்விசிறியில் அவ்வளவு தூசி இருக்கிறது என்று அன்றுதான் எல்லோரும் கண்டுபிடித்தோம். ஒருவர் தவறாமல் மேலே பார்த்தார்கள். கணக்குப் பகுதி நந்தன் வாயைத் திறந்தபடியே பார்த்தார். நானும் பார்த்தேன். என் கணக்கு எனக்கு. இவளுக்கு லீவு இல்லையென்றால் இடம் யாருக்கு? நான் ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை, ஒருவருக்கும் தீங்கு செய்யத் தேவையில்லை. சும்மா விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அடுத்த கிழமை திரும்பவும் கூடுவோம் என்று சேர் தவணை கொடுத்தார்.

அந்தக் கிழமை மதியச் சாப்பாட்டில், அவள் இல்லாத நேரம் பார்த்து, நந்தன் கதையைத் தொடக்கினார்.

"அவைக்கு இப்ப எல்லாத்திலயும் கோட்டாதானே. எங்கட ஆக்களுக்கு ஆர் குடுக்கிறது?"

'அவை' எங்கள் தமிழில் மரியாதைச் சொல். ஆனால் சில வாய்களில் அது ஒரு வேலி. இந்தப் பக்கம் 'எங்கட ஆக்கள்', அந்தப் பக்கம் 'அவை'. இந்தத் திட்டமே சிறுபான்மைக்காரருக்கானது, நந்தனும் நானும் அந்தக் கோட்டாவுக்குள்தான் வருகிறோம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் அந்தச் சொல் என் எரிச்சலுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. அவள் என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை, கோட்டா! புண்ணுக்கு ஒத்தடம் மாதிரி. நான் நந்தனுக்கு இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினேன்.

மறுநாள் ஜெயபுரத்தில் களவேலை. அலுவலக வாகனத்தில் கலைச்செல்வியும் நானும் போனோம். முடித்துவிட்டு அவளுடைய வீட்டில் தேத்தண்ணிக்கு நின்றோம். கதிரை ஒன்றைத் துடைத்துப் போட்டு, 'உக்காருங்கம்மா' என்று சொல்லிவிட்டுத் தாய் உள்ளே போனார். மேசையில் ஒரு பழைய மடிக்கணினி. ஒரு பக்க மூடி உடைந்து, ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருந்தது.

"இதைத்தான் நேர்முகத்தில அவைக்குக் காட்டினனான்," என்று திறந்தாள்.

திரையில் ஒரு வரைபு. இடமிருந்து வலமாகச் சமதரை, எங்கள் வன்னி நிலம் மாதிரி. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று ஒரு மேடு எழும்பி, திரும்பவும் சமதரை.

எனக்கு அது என்னவென்று தெரியும். பட்டப்படிப்பில் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். பெரிய மோதலில் ஒரு துணிக்கை பிறக்கிறது. பிறந்த கணமே உடைந்துபோகிறது. அதை யாரும் காண முடியாது. உடைந்து பறந்த துண்டுகளைப் பிடித்து, அவற்றிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், அது இருந்ததற்கு அடையாளமாக இந்த மேடு வரும். வெளிநாட்டு ஆய்வுகூடங்கள் தங்கள் பழைய தரவுகளை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து விட்டிருக்கின்றன. இவள் அதை இறக்கி, கணினிக்கு நிரல் எழுதப் பழகி, ஜெயபுரத்தில், போன் டேட்டாவில், அந்த மேட்டைத் தானே எழுப்பியிருக்கிறாள்.

"எவ்வளவு காலமாச் செய்தனி?" என்று கேட்டேன்.

"வேலைக்கு வந்த நாளில இருந்து அக்கா. முதல் ரெண்டு வருசம் பிழை பிழையாத்தான் வந்தது. இது போன மாரிக்குத்தான் வந்தது."

வேலைக்கு வந்த நாளிலிருந்து! பக்கத்து மேசை, ஒரே பஸ். எனக்குத் தெரியவில்லை. என்னையும் நேர்முகத்தில் கேட்டார்கள், பட்டத்துக்குப் பிறகு பௌதிகத்தில் என்ன செய்தீர்கள் என்று. ஆர்வம் குறையவில்லை என்றேன். என் ஆர்வம் குறையவில்லை. இவள் மேடு கட்டியிருக்கிறாள். மலையிலிருந்து துரத்தப்பட்டவர்களின் பிள்ளை, சமதரையில் இருந்துகொண்டு தனக்கு ஒரு மலை செய்திருக்கிறாள்.

நந்தனின் ஒத்தடம் அந்த இடத்தில் கழன்று விழுந்தது. அதன் பிறகு எரிந்தது பாருங்கள், அதுதான் அசல் எரிச்சல். கோட்டா என்று நினைத்து எரிவதில் ஒரு சுகம் இருக்கிறது. திறமை என்று தெரிந்து எரிவதில் ஒரு சுகமும் இல்லை.

அவள் கணினியை மூடினாள்.

"வாற கூட்டத்தில ஒருத்தரும் சொல்லாட்டி, இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும்."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். மலையகத்துத் தேத்தண்ணி, நல்ல சாயம்.

"அடுத்த ஆள் நீங்கள்தானே அக்கா. பேராசிரியர் சொன்னவர்."

கோப்பையை மேசையில் வைத்தேன். இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டுதான் பக்கத்து மேசையில் இருந்திருக்கிறாள்.

"நீங்கள் போனா எனக்குக் கோவமில்லை. நீங்களும் படிச்சனீங்கள்," என்றாள். "ஒண்டு மட்டும் கேக்கிறன் அக்கா. உங்களுக்குக் கிடைச்சு, நீங்கள் லீவு கேட்டிருந்தா... அண்டைக்கு எல்லாரும் ஃபானைப் பாத்திருப்பினமோ?"

வாகனக்காரர் ஹோன் அடித்தார். எழும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அரிசி கழுவும்போதும் அந்தக் கேள்விதான். பார்த்திருப்பார்களா? பார்த்திருக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். போன வருடம் நான் சத்திரசிகிச்சைக்குப் போய் மாதக்கணக்கில் படுத்திருந்தேன். என் வேலையைப் பங்குபோட்டுப் பார்த்தார்கள். பங்கு பிரித்துக் கொடுத்தவரே நந்தன்தான். 'அதுக்கென்ன, எங்கட ஆள்தானே' என்று சொன்னாராம். எனக்கு அப்போது கண் கலங்கியது. ஒரு பங்கைக் கலைச்செல்வியும் பார்த்தாள்.

ஆக, எங்கள் அலுவலகத்திலும் ஒரு கோட்டா இருக்கிறது. அரசாங்க வர்த்தமானியில் வராத கோட்டா. விண்ணப்பிக்கத் தேவையில்லை, நேர்முகம் இல்லை. சிறுபான்மை என்று நாடு முழுவதற்கும் அழுகிற நாங்கள், எங்கள் அலுவலகத்து மேசைகளுக்கு இடையில் பெரும்பான்மையாக இருந்துகொண்டு அதை அனுபவிக்கிறோம். அவள் போக முடியாமல் போய், நான் போனால், நான் எதில் போனவள்? பௌதிகத்திலா? விசிறிக் கோட்டாவிலா?

அடுத்த கூட்டத்தில் சேர் திரும்பவும் கேட்டார். எல்லோரும் திரும்பவும் தூசியைப் பார்க்கப் போனார்கள்.

"நான் பாக்கிறன் சேர்," என்றேன்.

நந்தன் கழுத்து சுளுக்குகிற அளவுக்குத் திரும்பினார். ரெண்டு வருசம், யோசிச்சுத்தான் சொல்லுறியளோ என்று கேட்டார். யோசித்துத்தான் என்றேன். உங்களுக்கும் அந்தப் பக்கம் ஓர் ஊர் தரலாம், நல்ல காற்று வரும், விசிறி தேவையில்லை என்றும் சொன்னேன். சேர் குனிந்து சிரிப்பை மறைத்தார்.

என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியை இத்தனை காலம் படிக்கிறவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. நான் அதை நல்ல மனதோடு சொல்லவில்லை. பச்சை எரிச்சலில் சொன்னேன். பௌதிகத்தில் அவளிடம் தோற்றுவிட்டேன், சரி. விசிறியை வைத்து அவளை வெல்வதென்றால் அதைவிடக் கேவலம் வேறு என்ன இருக்கிறது? அப்படிப் போய் அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கினாலும், மேலே விசிறி சுற்றுகிற சத்தம்தான் எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் கலைச்செல்வி எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஆனையிறவுப் பக்கமாக முகிலைப் பார்த்துக்கொண்டு வந்தவள், பரந்தனுக்குக் கிட்ட வந்ததும் கேட்டாள்.

"ஏனக்கா?"

"உன்னில எனக்குச் சரியான எரிச்சலடி. அதுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சந்தி வரும்வரை சிரித்தாள். நான் இறங்கி நடந்து, திரும்பிப் பார்த்தபோது, பூநகரி பஸ்ஸுக்கு நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்ததாலும் இருக்கலாம். நான் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

நல்லது செய்தால் எரிச்சல் போய்விடும் என்று ஒரு பேச்சு இருக்கிறதே... யார் அதைச் சொன்னது? அவர் நல்லது செய்து பார்த்திருக்க மாட்டார். அவள் போனபிறகு என் எரிச்சலுக்கு வேலை கூடிவிட்டது. கிழமைக்கு ஒரு படம் அனுப்புகிறாள். பனி, ரயில், கரும்பலகை நிறையச் சமன்பாடு. நானும் பிடிவாதமாக அந்தத் தரவுகளை இறக்கி வைத்திருக்கிறேன். சனி ஞாயிறுகளில் சட்டியளோடு சண்டை பிடிப்பதை விட்டுவிட்டு அதோடு சண்டை பிடிக்கிறேன். என் வரைபு இன்னும் சமதரைதான். சில நாள் பள்ளம்கூட வருகிறது.

சரி, கோழிக்கூட்டுக்குத் திரும்புவோம். இராசம்மாவை அங்கே நிற்க வைத்துவிட்டு வந்தேன் அல்லவா?

கரு ஆசுபத்திரியா என்று கேட்டார். அவருடைய முகத்தில் மகளின் கவலை தெரிந்தது. விளையாட்டில்லை. இனி இதை இப்படியே விடக்கூடாது என்று நினைத்தேன். கூட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்து, அது பிள்ளைக் கரு இல்லை, அணுவுக்குள் இருக்கிற கரு, கலைச்செல்வி திரும்பி வந்தாலும் உங்கள் மகளுக்கு மருந்து கொண்டுவர மாட்டாள், நீங்கள் மகளை நல்ல டொக்டரிடம் காட்டுங்கள், பிள்ளைப்பேறு கிளினிக் எந்த நாள் என்று நான் கேட்டுச் சொல்கிறேன், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஆறுதலாகச் சொன்னேன்.

இராசம்மா பொறுமையாகக் கேட்டார். கிளினிக்குக்குச் சரி என்றார். மிச்சத்துக்கு ஒரு மாதிரிச் சிரித்தார்.

"அது பெரிய படிப்பு மிஸ். கோழி பாக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் பட்டம், என் சமன்பாடுகள், முகாமின் தண்ணீர் வரிசை எல்லாம் ஒன்றாக வாய்க்கு வந்தன.

"நானும் அதுதான் படிச்சனான் அம்மா. அதே கருதான்."

இராசம்மாவின் முகம் மாறியது. என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கையில் கோழித் தீன், காலில் சேறு, தலையில் இறகு.

"அப்ப நீங்க ஏன் மிஸ் போகல?"

சொல்ல என்னிடம் பதில் இல்லை... நானே பதில்தானே!